படுத்திருப்பவரிடம் கேட்கக்கூடாத கேள்வி

“உனக்குப் பேசத் தெரியாதா, இல்ல பேச இஷ்டம் இல்லையா?”

ஆஸ்பத்திரியின் துணி அறைக்கு முதன்முதலாக வந்த அன்று கணக்கு டீச்சரம்மா என்னிடம் கேட்ட கேள்வி இது. நான் தலையணை உறைகளை மடித்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பதிலாகப் பெரியம்மா பதில் சொன்னாள். அது அப்படித்தான் டீச்சர், அதுகிட்ட ஒரு வார்த்தை வாங்கணும்னா மனு எழுதிப் போடணும் என்றாள். டீச்சரம்மா அவள் பக்கம் திரும்பவே இல்லை. என் முகத்தையே பார்த்தபடி நின்றார். ஒரு பதிலுக்காக அவ்வளவு நேரம் யாரும் என் முன்னால் நின்றதில்லை. பள்ளிக்கூடத்தில் கேள்வி கேட்டு எழுப்பி நிறுத்துவார்கள். மூன்று எண்ணுவதற்குள், நீ உட்காரு, அடுத்தவ சொல்லு என்பார்கள். அந்த மூன்று எண்ணிக்கையைத் தாங்க முடியாமல்தான் நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றேன்.

அன்றும் நான் பதில் சொல்லவில்லை. கேள்வியை மட்டும் எழுதி வைத்துக்கொண்டேன்.

அலமாரியின் மேல்தட்டில் குழந்தைகள் வார்டுக்கான சின்ன உறைகள் இருக்கும். அவற்றை அடிக்கடி யாரும் எடுப்பதில்லை. அவற்றுக்கு அடியில் என் நோட்டுகள் இருந்தன. எனக்குக் கதை கட்டத் தெரியாது. யார் என்ன சொன்னார்கள் என்பதை அவர்கள் சொன்ன சொல்லிலேயே, அன்றைக்கே எழுதிவிடுவேன். மறுநாளைக்கு வைத்தால் சொல் மாறிவிடும். இதைப் பெரியம்மாகூட அறியமாட்டாள்.

துணி அறை கீழ்த்தளத்தில், லிப்டுக்கும் சலவைக் கூடத்துக்கும் நடுவில் இருந்தது. உலர்த்தும் இயந்திரத்திலிருந்து சூடாக வரும் விரிப்புகளை மடித்து, வார்டு வாரியாகத் தள்ளுவண்டியில் அடுக்கி மேலே கொண்டுபோய்க் காலியான கட்டில்களில் விரிப்பதுதான் எங்கள் வேலை. பொறுப்பு பெரியம்மாவுடையது. அறையின் நடுவே நீளமான மேசை ஒன்று உண்டு. அந்த மேசைக்காகத்தான் மூன்று பேர் புதன்கிழமை தோறும் மூன்று மணிக்கு எங்கள் அறைக்கு வர ஆரம்பித்தார்கள். ஆஸ்பத்திரியில் அவர்கள் உட்கார்ந்து பேச வேறு இடம் கிடைக்கவில்லை.

நோயாளிகள் கேட்டால் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பிரார்த்தனை செய்யவும், ஏதாவது வாசிக்கவும், சும்மா பேசிக்கொண்டிருக்கவும் அந்த மூவருக்கும் நிர்வாகம் அனுமதி கொடுத்திருந்தது. ஒருவர் என் மாமா. அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் தம்பி, எங்கள் சபையின் பாஸ்டர். நாங்கள் எல்லாரும் ஒரே வீட்டில்தான் இருந்தோம். இன்னொருவர் ஆஸ்பத்திரி லிப்டுகளைப் பழுது பார்க்கும் மெக்கானிக். எல்லாரும் அவரை லிப்ட் பாய் என்று கூப்பிடுவார்கள். புதிதாக வருகிறவர்கள் அவரிடம் மூணாவது மாடிக்கு விடு தம்பி என்பார்கள். அறுபது வயதில் தம்பி ஆனதில் அவருக்குப் பெருமைதான். பள்ளிவாசலிலிருந்து அவரைத்தான் அனுப்பியிருந்தார்கள். மூன்றாமவர் டீச்சரம்மா. கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர், இந்து நோயாளிகளுக்குத் துதிப்பாடல்களை வாசித்துக் காட்டுபவர்.

என் அறையில உட்காரணும்னா கை சும்மா இருக்கக் கூடாது என்று பெரியம்மா முதல் நாளே சொல்லிவிட்டாள். அதனால் அவர்களுடைய மத உரையாடல் முழுக்க விரிப்பு மடித்துக்கொண்டேதான் நடந்தது. ஒரு முனையை மாமா பிடிப்பார், மறுமுனையை பாய் பிடிப்பார். மூலையோடு மூலை சேர்க்க இருவரும் நடந்து வந்து கிட்டத்தில் நிற்பார்கள். அந்த இடத்தில் ஆளுக்கொரு வாக்கியம் பேசிவிட்டு மறுபடி பின்னால் போவார்கள்.

அவர்களிடம் மூன்று விதிகள் இருந்தன. மாமாவே தன் கையெழுத்தில் எழுதி அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டியிருந்தார்.

முதலாவது மாமாவுடையது. அழைக்காமல் யார் கட்டிலுக்கும் போகக் கூடாது.

இரண்டாவது டீச்சரம்மாவுடையது. ஒருவர் சொன்னதற்குப் பதில் சொல்லுமுன், அவர் சொன்னதை நம் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். ஆமாம், இதைத்தான் சொன்னேன் என்று அவர் தலையாட்டிய பிறகே பதில். கேள்வியைச் சொந்த வார்த்தையில் சொல்லத் தெரியாதவன் கணக்குப் போட்டா விடை தற்செயலாத்தான் வரும் என்பார் டீச்சரம்மா.

மூன்றாவது பாயுடையது. படுத்திருப்பவரிடம் முடிவு கேட்கக் கூடாது. பாயின் அப்பா கட்டிலில் விழுந்தபோது பிள்ளைகள் நான்கு பேரும் சுற்றி நின்று, யார் வீட்டுக்கு வர்றீங்க, இப்பவே சொல்லுங்க என்று கேட்டார்களாம். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அந்த நாலு பேர்ல நானும் ஒருத்தன் என்று பாய் சொன்னபோது மாமா அதை விதியாக எழுதினார்.

இரண்டாவது விதியால் நடந்த கூத்துகள் நிறைய. கடவுள் ஒருவரே, ஆனாலும் மூவராக இருக்கிறார் என்று நாங்கள் நம்புவதை ஒரு புதன்கிழமை மாமா விளக்கினார். பாய் திருப்பிச் சொன்னார். மாமா தலையாட்டவில்லை. மறுபடி சொன்னார். அதுவும் இல்லை. ஏழு விரிப்பு மடிச்சாச்சு, இன்னும் ஒரு தலை ஆடலையே என்று பெரியம்மா முணுமுணுத்தாள். எட்டாவது விரிப்பில் மாமாவின் தலை ஆடியது. பாய் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, “இப்ப நீங்க சொல்றது எனக்குப் புரியுது பாஸ்டர். ஒத்துக்கல. ஆனா புரியுது” என்றார். அன்று மாலை மாமா வீட்டுக்கு வந்து, பரிசு வாங்கியவர் போல அதைத் திரும்பத் திரும்பச் சொன்னார். ஒத்துக்கலேன்னுதானே சொன்னார், இதுல என்ன இவ்வளவு சந்தோஷம் என்று அத்தை கேட்டாள். இத்தனை வருஷமா என் சபையிலேயே பாதிப் பேருக்கு அது புரியலடி என்றார் மாமா.

மூன்று வருடம் இப்படிப் போனது. பிறகுதான் பதினான்காம் கட்டில் விஷயம் வந்தது.

அந்தக் கட்டிலில் இருந்தவர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஓர் அம்மா. இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்தார். எல்லாரும் அவரை எக்ஸ்சேஞ்ச் அம்மா என்றார்கள். ஒரே மகள், வேறு ஊரில் வக்கீல். வாரக் கடைசியில் வந்து போவார். இந்துக் குடும்பம். டீச்சரம்மா இரண்டு முறை போய் வாசித்துக் காட்டியிருக்கிறார்.

ஒருநாள் மாமா அதே வார்டில் வேறொருவருக்காகப் பாடினார். மாமாவின் குரல் அப்படி. பிரசங்கத்தில் தூங்குகிறவர்கள்கூடப் பாட்டுக்கு எழுந்துவிடுவார்கள். எக்ஸ்சேஞ்ச் அம்மா நர்ஸைக் கூப்பிட்டு, அந்தப் பாடுறவரை இங்கேயும் வரச் சொல்லுங்க என்றார். டீச்சரம்மா அந்த வாரம் தங்கை வீட்டுக்குப் போயிருந்தார். அவருக்குப் போன் போட்டுப் பார்த்தும் கிடைக்காமல் மாமா போனார். அதுவரை எந்த விதியும் மீறப்படவில்லை.

நான் திரைக்கு இந்தப் பக்கம், காலியாகியிருந்த பதினைந்தாம் கட்டிலுக்கு விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தேன். மாமா பாடினார். இருட்டில் கூட நடந்து வருகிறவரைப் பற்றிய பாட்டு. ஒரு சரணம் முடிந்தபோது அந்த அம்மா அழுதுகொண்டிருந்தார். திரையின் இடைவெளியில் எனக்குத் தெரிந்தது. மாமா கட்டில் பக்கம் குனிந்து, “அம்மா, இந்த இயேசுவை நீங்க நம்புறீங்களா?” என்றார்.

அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

“ஏத்துக்குறீங்களாம்மா?”

கொஞ்ச நேரம் கழித்து அவர் உதடு அசைந்தது. “தண்ணி.”

தண்ணியா என்று மாமா கேட்டார். அவர் தலையாட்டினார். மாமா ஸ்பூனால் நான்கு வாய் ஊட்டிவிட்டு, கண்ணை மூடி மனதுக்குள் ஜெபித்துவிட்டுக் கிளம்பினார். அவர் போனதும் அந்த அம்மா என்னிடம் ஒன்று கேட்டார். எல்லாவற்றையும் அன்று சாயங்காலமே எழுதிவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து எங்கள் சபைச் செய்தி மடல் வந்தது. அதில் சாட்சி என்று ஒரு பகுதி உண்டு. ஆண்டவர் செய்த நன்மைகளை ஒவ்வொருவரும் எழுதுவார்கள். இந்த முறை மாமாவே எழுதியிருந்தார். ‘மருத்துவமனைப் படுக்கையில் ஒரு தாய், கண்ணீரோடு தலையசைத்து ஆண்டவரை ஏற்றுக்கொண்டார்.’ அந்த ஞாயிற்றுக்கிழமை சபையில் எல்லாரும் மாமாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். செயலாளர் அந்தப் பத்தியை எழுந்து நின்று வாசித்தார். நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மாமா பொய் சொல்லும் ஆள் இல்லை. அந்தத் தலையசைப்பை அவர் உண்மையிலேயே பார்த்திருந்தார். எதற்கு அசைந்தது என்பதைத்தான் மாற்றி எடுத்துக்கொண்டார். எனக்குத் தெரியும், ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. நான் பள்ளிக்கூடத்தை நிறுத்தியபோது வீட்டில் திட்டாத ஒரே ஆள் மாமாதான்.

மூன்றாவது மாடியில் வேலை பார்க்கும் எங்கள் சபை நர்ஸ் ஒருத்தி சந்தோஷத்தில் அந்த மடலை வார்டுக்குக் கொண்டுபோய்விட்டாள். வக்கீல் மகள் அந்த வாரம் வந்தபோது மடல் மேசைமேல் கிடந்தது.

புகார் இரண்டு பக்கம். வக்கீல் எழுதியது, ஓட்டை இல்லை. நிர்வாக அதிகாரி மூவரையும் கூப்பிட்டு, புதன்கிழமை உங்க கூட்டத்துக்கு அந்த மகளையும் வரச் சொல்லியிருக்கேன், அவங்க புகாரைத் திருப்பி வாங்கலேன்னா உங்க மூணு பேருக்கும் அனுமதி ரத்து என்று சொல்லிவிட்டார். ஒரு ஆள் செய்ததற்கு மூன்று பேரா என்று பெரியம்மா கேட்டாள். மூணு பேரும் சேர்ந்துதானே விதி போட்டோம் என்றார் டீச்சரம்மா. அவர் அந்த வாரம் மாமாவிடம் பேசவே இல்லை.

புதன்கிழமை மூன்று மணிக்கு வக்கீல் மகள் வந்தார். கையில் மடல். உட்காரச் சொல்வதற்கு முன்னால் பெரியம்மா ஒரு விரிப்பின் முனையை அவர் கையில் கொடுத்துவிட்டாள். இங்க அதுதான் வழக்கம் மேடம், கை மடிக்கும், வாய் பேசும் என்றாள். மறுமுனையை மாமா கையில் கொடுத்தாள். யோசித்துச் செய்தாளோ யோசிக்காமல் செய்தாளோ, நான் கேட்டதில்லை.

வக்கீல் மகள் விரிப்பைப் பிடித்தபடியே பேசினார். கத்தவில்லை. “எங்கம்மா அழுதது உங்களுக்கு ஒரு செய்தி. அவ்வளவுதான். எதுக்கு அழுதாங்கன்னு நீங்க கேக்கல. பேர் போடலைன்னா போதும், யாரோட கண்ணீரையும் எடுத்து அச்சுல போடலாம்னு நெனச்சுட்டீங்க.”

மாமா விளக்கம் சொல்ல வாயெடுத்தார். டீச்சரம்மா ஒரு வாரத்துக்குப் பிறகு முதன்முறையாக அவரிடம் பேசினார்.

“பாஸ்டர், முதல்ல அவங்க சொன்னதைச் சொல்லுங்க.”

மாமா நிதானித்தார். “உங்கம்மா மதம் மாறிட்டாங்களேன்னு உங்களுக்கு வருத்தம்.”

“இல்ல. மாறினா அது அவங்க இஷ்டம்.”

“உங்களைக் கேக்காம எழுதிட்டேன்னு கோபம்.”

“என்னை இல்ல.”

மாமா விரிப்பைப் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்தார். பிறகு அவர் மெதுவாகச் சொன்னார். “உங்கம்மா அழுதாங்க. அந்த அழுகை அவங்களோடது. நான் அதை என்னோடதுன்னு எடுத்து எழுதிட்டேன்.”

வக்கீல் மகள் ஒருமுறை தலையசைத்தார். விதி அவருக்குத் தெரியாது. தானாகவே தலை அசைந்தது.

“ஆனா அவங்க தலையாட்டினாங்கம்மா” என்றார் மாமா. “நான் கேட்டேன், அவங்க தலையாட்டினாங்க. நான் பொய் எழுதல.”

எங்கம்மா அப்படி ஆட்டியிருக்க மாட்டாங்க என்றார் மகள். பார்த்தேன் என்றார் மாமா. அம்மா மூணாவது மாடியிலதானே இருக்காங்க, வாங்க எல்லாரும் போய் அவங்களையே கேட்டுடுவோம் என்று மாமா விரிப்பை மேசைமேல் வைத்தார். மகளும் கிளம்பத் தயாராகத்தான் இருந்தார். பாய் கதவுக்குக் குறுக்கே போய் நின்றார்.

“போகக் கூடாது. நீங்க எழுதினதுதான், கதவுல இருக்கு. அஞ்சு பேர் கட்டிலைச் சுத்தி நின்னு கேட்டா, அவங்க ஆமான்னாலும் ஒருத்தருக்குக் குத்தும், இல்லைன்னாலும் ஒருத்தருக்குக் குத்தும். நமக்கு நடந்து வெளியே போகக் கால் இருக்கு. அவங்களுக்கு இல்ல.”

யாரும் நகரவில்லை. அப்புறம் இதை எப்படி முடிக்கிறது என்று வக்கீல் மகள் கேட்டார், அவர் சொல்வது ஒன்று, நான் சொல்வது ஒன்று, சாட்சி யார்? வேற யாராவது அங்க இருந்தாங்களா என்று டீச்சரம்மா பொதுவாகக் கேட்டார்.

பெரியம்மா என்னைப் பார்த்தாள். பதினைஞ்சாம் பெட்டுக்கு அன்னைக்கு விரிப்பு மாத்தினது நீதானே என்றாள்.

எல்லாரும் திரும்பினார்கள். மாமாவும் திரும்பினார். அவர் முகத்தில் பயம் இல்லை. நான் பார்த்திருந்தால் நல்லது, தன் பக்கம் பலம் என்றே நினைத்தார். அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. நான் மனதுக்குள் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. யாரும் உட்காரச் சொல்லவில்லை. நான்கு, ஐந்து. டீச்சரம்மா முதல் நாள் நின்றது போலவே நின்றார்.

நான் ஸ்டூலைப் போட்டு ஏறி, குழந்தைகள் வார்டு உறைகளைத் தூக்கி, அடியிலிருந்து ஏழாவது நோட்டை எடுத்தேன். அங்கேயா வெச்சிருந்தே என்று பெரியம்மா வாயில் கைவைத்தாள்.

பக்கத்தைத் திறந்தபோதுதான் ஒன்று புரிந்தது. இதில் நான் சொல்ல வேண்டியது எதுவுமே இல்லை. எல்லாம் மற்றவர்கள் சொன்னது. நான் திருப்பிச் சொன்னால் போதும். இந்த அறையில் மூன்று வருடமாக எல்லாரும் செய்துகொண்டிருப்பது அதைத்தானே. குரல் ஆரம்பத்தில் கொஞ்சம் பிசிறியது. பிறகு சரியாகிவிட்டது. பாடச் சொன்னதை வாசித்தேன். மாமா கேட்ட இரண்டு கேள்விகளை வாசித்தேன். கண் மூடியதை, தண்ணி என்றதை, தண்ணியா என்று மாமா கேட்டதை, தலை அசைந்ததை, நான்கு ஸ்பூனை வாசித்தேன். மாமா மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். நான் நிறுத்தவில்லை.

“மாமா போன பிறகு அந்த அம்மா என்னிடம் கேட்டது: ‘ஏம்மா, அந்தப் பாட்டுக்கு ரெண்டாவது சரணம் இருக்கா?’ நான் திரையை விலக்கி, இருக்கு என்று தலையாட்டினேன். ‘பின்ன ஏன் அதைப் பாடாம கேள்வி கேட்டுட்டுப் போயிட்டார்?’”

நோட்டை மூடினேன். வக்கீல் மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எதிர்பாராமல் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அது எங்கம்மாதான். முப்பது வருஷம் எக்ஸ்சேஞ்சுல இருந்தவங்க. லைன் பாதியில கட்டானா அவங்களுக்குத் தாங்காது.” சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மாமா மேசை விளிம்பிலிருந்து கையை எடுத்தார். நான் பார்த்தேன்னு நெனச்சது தண்ணிக்கு ஆட்டின தலை என்றார். யாரும் அதைத் திருப்பிச் சொல்லவில்லை, தேவைப்படவில்லை. டீச்சரம்மாதான் விடவில்லை. மூணு வருஷமா என் ஆளுங்க கட்டிலுக்கு உங்களை நம்பி அனுப்பியிருக்கேன், இனிமே எப்படி அனுப்புறது என்று கேட்டார்.

“டீச்சர், நீங்க என்னை நம்பி உங்க வீட்டைத் திறந்து விட்டீங்க, நான் உள்ளே போய் ஒரு பொருளை எடுத்துட்டு வந்துட்டேன்” என்றார் மாமா. டீச்சரம்மா தலையாட்டினார். “அது தப்பு. ஆனா ஒண்ணு சொல்லிடுறேன். ஆண்டவரைப் பத்திப் பேசாம என்னால இருக்க முடியாது. அதை மறைச்சு வெச்சுட்டு இந்த அறைக்கு வந்தா, வர்றது நான் இல்ல.”

“மறைங்கன்னு நான் எப்பச் சொன்னேன்? நீங்க உங்களை மறைச்சுக்கிட்டா நான் யாரோட பேசுறது? நான் நின்னுக்கிட்டுத்தானே இருக்கேன். என்கிட்ட கேளுங்க. தினம் கேளுங்க. இல்லைன்னு சொல்லிட்டு அடுத்த விரிப்பை எடுப்பேன். கட்டில்ல கிடக்கிறவங்க கிட்ட வேண்டாம்.”

பாய் கதவை விட்டு நகர்ந்து வந்து, டீச்சர் இல்லாத நாள்ல என்கிட்ட கேளுங்க பாஸ்டர், நானும் நின்னுக்கிட்டுதான் இருக்கேன் என்றார். பெரியம்மா, அப்ப விரிப்பெல்லாம் சீக்கிரம் மடிஞ்சிடும் என்றாள்.

வக்கீல் மகள் தன் நிபந்தனையைச் சொன்னார். அதே மடல், அதே பகுதி, அதே அளவு எழுத்தில் மறுப்பு வர வேண்டும். வந்த பிறகு புகாரைத் திருப்பி வாங்குவதைப் பற்றி யோசிப்பேன் என்றார். மாமா சரி என்றார்.

மாமாவும் நானும் வீட்டுக்கு நடந்தோம். வாசலுக்கு வந்த பிறகு மாமா நின்றார். ‘ஏற்றுக்கொண்டார்’னு எழுதுறப்ப உள்ளே ஏதோ இடிச்சுது, நான் நின்னு பாக்கல என்றார். அப்புறம், இத்தனை நோட்டா எழுதி வெச்சிருக்கே, என்னைப் பத்தி இன்னும் என்னவெல்லாம் இருக்கு என்று கேட்டார். நிறைய இருக்கு மாமா என்றேன். நான் பதில் சொன்னதில் அவர் ஒரு கணம் தடுமாறி, பிறகு சிரித்துவிட்டார்.

மாமாவுக்கு அதை அச்சிடுவது சுலபமாக இல்லை. சபைச் செயலாளர் வீட்டுக்கே வந்துவிட்டார். சாட்சியைத் திரும்பப் பெறுவது நம் சபையில் நடந்ததே இல்லை, வெளியே தெரிந்தால் சிரிப்பார்கள், வேண்டுமானால் அந்த அம்மா வீட்டுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதிவிடுங்கள் என்றார். அச்சில் எடுத்ததை அச்சில்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றார் மாமா. அப்படியானால் அடுத்த ஆண்டு பாஸ்டர் யார் என்று கமிட்டி யோசிக்க வேண்டிவரும் என்று செயலாளர் சொன்னதை நான் சமையலறையிலிருந்து கேட்டேன். யோசிக்கட்டும் என்று மாமா சொன்னதையும் கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அதை மாமாவே எழுந்து நின்று வாசித்தார். ‘சென்ற இதழில் வந்த சாட்சி என்னுடையது, அந்தத் தாயினுடையது அல்ல. அவர் என்னிடம் ஒரு பாட்டுக் கேட்டார். நான் பாதி பாடிவிட்டு, கேட்கக்கூடாத இடத்தில் ஒரு கேள்வி கேட்டேன். அவர் தண்ணீர் கேட்டார். அதைத்தான் சம்மதம் என்று எழுதிவிட்டேன். என் ஆண்டவருக்கு என் அவசரம் தேவையில்லை. அந்தத் தாயிடமும் அவர் மகளிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்.’

அன்று யாரும் கை குலுக்கவில்லை. வயதான ஒருவர் மட்டும் போகும்போது, ஐயா, இன்னைக்குத்தான் நீங்க சாட்சி சொன்னீங்க என்றார்.

மடலின் ஒரு பிரதியை மூன்றாவது மாடிக்கு நான்தான் தள்ளுவண்டியில் கொண்டுபோனேன். மறுநாள் நிர்வாக அலுவலகத்திலிருந்து அனுமதி தொடர்கிறது என்று சொல்லி அனுப்பினார்கள். வக்கீல் மகள் எங்களிடம் எதுவும் சொல்லவில்லை.

இரண்டு வாரம் கழித்து எக்ஸ்சேஞ்ச் அம்மாவை வீட்டுக்கு அனுப்பினார்கள். நான் மூன்றாவது மாடியில் லிப்டுக்காக வண்டியோடு நின்றிருந்தேன். மாமா வேறு நோயாளியைப் பார்த்துவிட்டுப் படிக்கட்டுப் பக்கம் வந்தார். லிப்டின் பலகையைத் திறந்து பாய் ஏதோ முடுக்கிக்கொண்டிருந்தார். சக்கர நாற்காலியில் அந்த அம்மா வந்தார். மகள் பையோடு பின்னால் வந்தார். மாமாவைப் பார்த்ததும் அந்த அம்மா கையை உயர்த்தி நாற்காலியை நிறுத்தச் சொன்னார். மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு, வலியில் பல்லைக் கடித்து, மெல்ல எழுந்து நின்றார்.

“உங்க விதியெல்லாம் எம்பொண்ணு சொன்னா” என்றார் மாமாவிடம். “இப்ப நான் படுத்திருக்கல. கேளுங்க.”

மாமா அவரைப் பார்த்தார். பாய் முடுக்குவதை நிறுத்திவிட்டார். அந்தக் கேள்வியை எத்தனை ஆண்டுகளாக எத்தனை பேரிடம் மாமா கேட்டிருப்பார் என்று எனக்குத் தெரியும். இப்போது அனுமதியும் கிடைத்திருக்கிறது.

“ரெண்டாவது சரணம் பாடட்டுமாம்மா?” என்றார் மாமா.

அந்த அம்மா தலையசைத்தார். இந்தத் தலையசைப்பு எதற்கு என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

மாமா அந்த நடையிலேயே நின்று பாடினார். மெதுவாக, ஆனால் குறைத்துக்கொள்ளாமல். இயேசுவின் பெயர் வரும் இடத்தில் அதை விழுங்கவும் இல்லை, அழுத்தவும் இல்லை. நர்ஸ்கள் இரண்டு பேர் மருந்துத் தட்டோடு நின்றார்கள். லிப்ட் வந்து திறந்தது. பாய் கதவை முழங்கையால் தடுத்துப் பிடித்துக்கொண்டார். அது மூடப் பார்ப்பதும் அவர் முழங்கையில் பட்டுத் திறப்பதுமாக இருந்தது. அந்த அம்மா கண்ணை மூடவில்லை. அழவும் இல்லை. எக்ஸ்சேஞ்சில் இரு பக்கமும் லைன் சேர்ந்துவிட்டதா என்று கேட்டுக்கொண்டிருப்பவர் போலத் தலையைச் சாய்த்துக் கடைசி வரி வரைக்கும் கேட்டார்.

பாட்டு முடிந்தது. அவர் உட்கார்ந்தார். மகள் நாற்காலியை லிப்டுக்குள் தள்ளித் திருப்பி, எங்களைப் பார்க்கும்படி நிறுத்தினார். அந்த அம்மா மாமாவையும் பாயையும் ஒருமுறை பார்த்தார், அன்று திரைக்கு அந்தப் பக்கம் நின்ற என்னையும் அடையாளம் கண்டுகொண்டு பார்த்தார். பாய் முழங்கையை எடுத்தார். கதவு மூடியது. ஒரு வார்த்தை பேசாமல் அவர் கீழே போனார்.